மாரத்தான் நாளும் மருத்துவமனை பில்லும்

[திரை: அதிகாலை. தடுப்புகள் வைத்து அடைத்த அகலமான சாலை. தூரத்தில் ஆம்புலன்ஸ் சைரன்.]

நகரத்தில் இன்று மாரத்தான். முக்கியமான சாலைகளையெல்லாம் அடைத்துவிட்டார்கள். ஓடுகிறவர்களுக்கு ஏதாவது ஆனால் கவனிக்க, வழிநெடுக மருத்துவக் குழுக்கள் நிற்கின்றன. நாம் பார்க்கப் போவது அவர்களை அல்ல. பக்கத்துத் தெருவில், மாரத்தான் நினைப்பே இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஒரு முதியவரை. அவருக்கு நெஞ்சு வலிக்க ஆரம்பிக்கிறது. ஆம்புலன்ஸ் வரும், ஆனால் சுற்றிக்கொண்டு வரும்.

2017-ல் அமெரிக்க மருத்துவர் அனுபம் ஜெனாவும் உடன் ஆய்வாளர்களும் இதைக் கணக்கெடுத்து வெளியிட்டார்கள். அமெரிக்காவில் 11 நகரங்கள், 2002 முதல் 2012 வரை. மாரத்தான் நாளில் மாரடைப்பு வந்தோ இதயம் நின்றுபோயோ மருத்துவமனைக்கு வந்த முதியவர்களில் 28.2 சதவீதம் பேர் 30 நாட்களுக்குள் இறந்திருந்தார்கள். அதே நகரங்களில், அதே கிழமையில், ஐந்து வாரம் முன்னும் பின்னுமான சாதாரண நாட்களில் அது 24.9 சதவீதம்தான். மாரத்தான் நாள் முற்பகலில் ஆம்புலன்ஸ் பயணம் சராசரியாக 4.4 நிமிடம் கூடியிருந்தது.

இந்த மரணங்களை எண்ணுவதற்காக யாரும் மருத்துவமனை வாசலில் நோட்டோடு நிற்கவில்லை. 65 வயதைத் தாண்டியவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிகேருக்கு மருத்துவமனைகள் அனுப்பிய பில்கள் ஏற்கெனவே கணினியில் கிடந்தன. அவற்றிடம் ஒரு நல்ல கேள்வி கேட்டார்கள், அவ்வளவுதான்.

[திரை: கறுப்புப் பின்னணியில் ஒரே ஒரு வரி. கட்டம் கட்டமாக ஒளிர்கிறது.]

காப்பீட்டுக்கு அனுப்பும் இப்படிப்பட்ட பில்லுக்குத் துறையில் க்ளெய்ம் என்று பெயர். சரி, ஒரு க்ளெய்ம் எப்படி இருக்கும்? இதோ ஒன்று, மாதிரிக்கு. முதல் கட்டத்தில் உறுப்பினர் எண், அடையாளம் தெரியாதபடி மாற்றியது. அப்புறம் பிறந்த ஆண்டு. ஆணா பெண்ணா. சேர்ந்த தேதி, டிஸ்சார்ஜ் ஆன தேதி. நோய்க்கு ஒரு குறியீடு. செய்த சிகிச்சைக்கு ஒரு குறியீடு. டிஸ்சார்ஜ் ஆகி எங்கே போனார்: வீட்டுக்கா, மறுவாழ்வு மையத்துக்கா, அல்லது உயிரோடு போகவே இல்லையா. கடைசியில் தொகை.

வலி எத்தனை மணிக்கு ஆரம்பித்தது? கட்டம் இல்லை. ரத்த அழுத்தம் எவ்வளவு? இல்லை. வலது கையைத் தூக்க முடிந்ததா, பேச்சு குழறியதா? அதற்கும் இல்லை.

காரணம் எளிது. இது மருத்துவக் குறிப்பேடு அல்ல, பணம் கேட்டு எழுதிய கடிதம். க்ளெய்ம் தரவைப் படிப்பவர் ஒவ்வொரு கட்டத்திலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதை எழுதினால் யாருக்குக் காசு? காசு கைமாறும் இடத்தில் தடம் ஆழமாகப் பதியும். ஸ்டென்ட் வைத்தது, அறுவை சிகிச்சை, எத்தனை நாள் படுக்கை, மறுபடி சேர்ந்தது, மருந்துக் கடையில் மாத்திரை வாங்கியது எல்லாம் தப்பாமல் இருக்கும். காசு இல்லாத இடத்தில் தடமே இருக்காது. மருந்துச்சீட்டில்லாமல் கைக்காசு போட்டு வாங்கிய ஆஸ்பிரின் இந்தத் தரவில் இல்லை. மருத்துவமனைக்கு வராமலே வீட்டில் இறந்துபோனவருக்கு மருத்துவமனை பில்லும் இல்லை.

[திரை: நான்கு குறியீடுகள், பெரிய எழுத்தில்.]

நோய்க் குறியீட்டைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் ஐ-21 என்றால் மாரடைப்பு. ஐ-61 மூளைக்குள் ரத்தக்கசிவு. ஐ-63 மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபட்டு வரும் பக்கவாதம். ஐ-69 என்றோ வந்த பக்கவாதத்தின் பின்விளைவு.

இப்போது ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்தவர். மாதாமாதம் மருத்துவரிடம் போகிறார், ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள், மாத்திரை எழுதுகிறார்கள். பில் போடும் இடத்தில் அவசரத்துக்கு ஐ-63 என்று தட்டிவிடுகிறார்கள். தரவை அப்படியே நம்பினால் இந்த மனிதருக்கு வருடத்துக்குப் பன்னிரண்டு புதுப் பக்கவாதம்! இன்னொருவர் தலைசுற்றல் என்று வந்தார், பக்கவாதமோ என்று சந்தேகப்பட்டு ஸ்கேன் எடுத்தார்கள், ஒன்றுமில்லை. ஆனால் சந்தேகமே குறியீடாகப் பில்லில் ஏறிவிட்டது.

அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் வெளிநோயாளி பில்லில் தனியாக நிற்கும் ஒரு குறியீட்டை நம்புவதில்லை. படுக்கையில் சேர்ந்திருக்க வேண்டும், சேர்ந்ததற்கு முதன்மைக் காரணமே அந்தக் குறியீடாக இருக்க வேண்டும் என்று விதி வைத்துக்கொள்கிறார்கள். பிறகு சில நூறு பேரின் உண்மையான மருத்துவக் கோப்புகளைத் திறந்து, குறியீடு எத்தனை தடவை சரி என்று ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். சலிப்பான வேலைதான். ஆனால் ஒரு க்ளெய்ம் ஆய்வைப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது இந்தப் பத்தியைத்தான்.

யாருடைய பில் என்பதும் முக்கியம். தைவானில் 1995 முதல் ஒரே தேசியக் காப்பீடு, கிட்டத்தட்ட மக்கள் அனைவரும் அதில். தென்கொரியாவிலும் 2000 முதல் ஒரே தேசியக் காப்பீட்டு அமைப்பு. நோயாளி எந்த மருத்துவமனைக்கு மாறினாலும் அதே கணக்கில் வந்து விழுவார். வேலையோடு ஒட்டிய தனியார் காப்பீடு என்றால், வேலை போன அன்றே அவர் தரவிலிருந்து காணாமல் போகிறார். இறந்தாரா, வேறு காப்பீட்டுக்குப் போனாரா? தெரியாது.

[திரை: இரண்டு படுக்கைகள். ஒன்றில் லேசான பக்கவாதம், இன்னொன்றில் நினைவிழந்தவர். மேலே ஒரே குறியீடு.]

பக்கவாதத்தில் பெரிய ஓட்டை வேறு ஒன்று. அன்றைய தாக்குதல் எவ்வளவு கடுமை என்பதுதான் நோயாளியின் கதியைப் பெருமளவு தீர்மானிக்கிறது. மருத்துவர்கள் அதை என்ஐஹெச் என்ற பக்கவாத அளவுகோலில் 0 முதல் 42 வரை மதிப்பெண் போட்டு அளக்கிறார்கள். மதிப்பெண் கூடினால் தாக்குதல் மோசம். 3 வாங்கியவரும் 25 வாங்கியவரும் பில்லில் ஒன்றுதான், இருவருக்கும் ஐ-63. மோசமான நோயாளிகளைப் பிற மருத்துவமனைகள் எங்கே அனுப்புகின்றனவோ, அந்தப் பெரிய மருத்துவமனையில்தான் இறப்பு அதிகம் தெரியும். 2012-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு இந்த மதிப்பெண்ணையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தது. மருத்துவமனைகளின் தரவரிசை கணிசமாகக் குலைந்து மாறியது. 2016 அக்டோபரிலிருந்து அமெரிக்காவில் இந்த மதிப்பெண்ணையே ஒரு குறியீடாகப் பில்லில் எழுதலாம் என்று கொண்டுவந்தார்கள்.

மாரடைப்புக்கும் இதே தொல்லை உண்டு. இதய ரத்தக்குழாயில் அடைப்பு எங்கே என்று உள்ளே குழாய் விட்டுப் பார்க்கும் ஆஞ்சியோகிராம் செய்தவர்களையும் செய்யாதவர்களையும் ஒப்பிட்டால், செய்தவர்கள் மிகவும் குறைவாக இறக்கிறார்கள். ஆஹா, என்ன அற்புதமான சிகிச்சை! பொறுங்கள். தாங்கமாட்டார் என்று தோன்றுகிற நோயாளியை மருத்துவர் அந்த மேசைக்கே அனுப்புவதில்லை. மருத்துவர் கண்ணால் கண்ட அந்தத் தளர்ச்சி பில்லில் கிடையாது.

இதை ஒரு தந்திரத்தால் தாண்டினார்கள் மெக்லெல்லன், மெக்நீல், நியூஹவுஸ் என்ற மூவர், 1994-ல். எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இது. 1987-ல் மாரடைப்பு வந்த மெடிகேர் முதியவர்கள், 2 லட்சத்துக்கு மேல். நோயாளி யார், எவ்வளவு தளர்ந்தவர் என்று துருவாமல், வீட்டிலிருந்து மருத்துவமனை எவ்வளவு தூரம் என்று பார்த்தார்கள். ஆஞ்சியோகிராம் வசதியுள்ள மருத்துவமனைக்குப் பக்கத்தில் வீடு இருந்தால் அந்தச் சிகிச்சை கிடைக்கும் வாய்ப்பு அதிகம். ஆனால் மாரடைப்பின் கடுமைக்கும் வீட்டு முகவரிக்கும் சம்பந்தமில்லை. தூரமே சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி வேலை செய்கிறது.

விடை? அந்தக் காலத்துச் சிகிச்சைகளை இன்னும் கொஞ்சம் கூடுதலான முதியவர்களுக்கு நீட்டியதால் இறப்பில் கிடைத்த லாபம் அதிகபட்சம் 5 சதவீதப் புள்ளி. அதுவும் மருத்துவமனையில் சேர்ந்த முதல் நாளிலேயே கிடைத்துவிட்டது. ஆகவே அது ஆஞ்சியோகிராமின் பலன்கூட இல்லை, அங்கே கிடைத்த வேறு கவனிப்பின் பலனாக இருக்க வேண்டும் என்றார்கள். மாரத்தான் ஆய்வும் இதே குடும்பம்தான். மாரத்தான் தேதியைப் பார்த்து யாருக்கும் மாரடைப்பு வருவதில்லையே.

[திரை: மாத்திரைப் பட்டை. நாள்காட்டித் தாள்கள் பறக்கின்றன.]

அடுத்து மாத்திரை. இங்கே விழுந்தவர்கள் நிறையப் பேர்.

மாரடைப்புக்குப் பின் 90 நாட்களுக்குள் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரை வாங்கியவர்கள் ஒரு கூட்டம், வாங்காதவர்கள் இன்னொரு கூட்டம் என்று பிரிக்கிறோம். டிஸ்சார்ஜ் நாளிலிருந்து உயிர்களை எண்ணுகிறோம். வாங்கியவர்கள் அதிகம் பிழைக்கிறார்கள். எங்கே தப்பு?

60-வது நாளில் வாங்கியவர் அந்த 60 நாளும் உயிரோடு இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் வாங்கியிருக்க முடியாது. பத்தாவது நாளில் இறந்தவரோ, வாங்கும் எண்ணம் இருந்திருந்தாலும், 'வாங்காதவர்' பட்டியலில் விழுந்துவிடுகிறார். இந்தக் கணக்கில் வெறும் சர்க்கரை உருண்டை கொடுத்தாலும் உயிர் காக்கும்! சாகாவரம் பெற்ற காலம் என்றே துறைக்காரர்கள் இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். வாங்கிய நாள் வரை அவரையும் 'வாங்காதவர்' கணக்கிலேயே வைத்து எண்ணினால் இந்த மாயம் போய்விடும்.

அப்படியும் ஒன்று மிச்சம் இருக்கும். 1980-ல் வெளியான ஒரு மாரடைப்பு மருந்துப் பரிசோதனையில், மருந்தே இல்லாத போலி மாத்திரையை ஒழுங்காக விழுங்கியவர்களில் ஐந்து ஆண்டுகளில் இறந்தவர்கள் சுமார் 15 சதவீதம். அதே போலி மாத்திரையை ஒழுங்கில்லாமல் விழுங்கியவர்களில் சுமார் 28 சதவீதம். மாத்திரையில் ஒன்றுமே இல்லை. ஒழுங்காக விழுங்குகிறவர் மற்ற விஷயங்களிலும் வேறு மாதிரி ஆள், அவ்வளவுதான். அந்த வேற்றுமைக்குப் பில்லில் கட்டம் கிடையாது.

அதனால் மருந்துக்கும் மருந்தின்மைக்கும் போட்டி வைக்காமல், ஒரே நோய்க்கு இரண்டு மருந்துகளைப் புதிதாகத் தொடங்கியவர்களை எதிரெதிரே நிறுத்துவார்கள். இதயம் தாறுமாறாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவர்களுக்குப் பக்கவாதம் வராமல் தடுக்க ரத்தம் உறையாமல் வைக்கும் மருந்து கொடுப்பார்கள். பழையது வார்ஃபரின், புதியது டபிகாட்ரான். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1 லட்சத்து 34 ஆயிரத்துக்கும் அதிகமான மெடிகேர் முதியவர்களின் க்ளெய்மை வைத்து இரண்டையும் ஒப்பிட்டது. டபிகாட்ரான் எடுத்தவர்களுக்கு அடைப்பால் வரும் பக்கவாதம், மூளை ரத்தக்கசிவு, மரணம் மூன்றும் குறைவு. குடல், வயிற்று ரத்தக்கசிவு அதிகம். 18 ஆயிரம் பேரைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து நடத்தி 2009-ல் முடிவு வெளியிட்ட பரிசோதனையோடு இது பெருமளவு ஒத்துப்போனது.

ஒருமுறை ஒத்துப்போனால் போதுமா? இப்படிச் சீட்டுக் குலுக்கி நடத்திய 32 பரிசோதனைகளை எடுத்து, ஒவ்வொன்றையும் க்ளெய்ம் தரவில் மறுபடி நடத்திப் பார்த்து 2023-ல் வெளியிட்டார்கள். இரண்டின் முடிவுகளும் எவ்வளவு சேர்ந்து போகின்றன என்று காட்டும் ஒட்டுறவு எண், 1 என்றால் முழுப் பொருத்தம், மொத்தத்தில் 0.82. பரிசோதனையின் அமைப்பை நெருக்கமாகப் பின்பற்ற முடிந்தவற்றில் மட்டும் 0.93. மோசமில்லை. ஆனால் 'நெருக்கமாக' என்ற சொல்லை விட்டுவிட்டு மேற்கோள் காட்டுகிறவர்களிடம் ஜாக்கிரதை.

[திரை: 90 கட்டங்கள் கொண்ட நாள்காட்டி. சில கட்டங்களில் சிவப்பு நிறம் ஏறுகிறது.]

இறந்தாரா, பிழைத்தாரா என்பதோடு பக்கவாதம் முடிவதில்லை. எழுந்து நடந்தாரா, தானே சாப்பிட்டாரா? அதைச் சொல்ல மருத்துவர்களிடம் தனி அளவுகோல் இருக்கிறது, பில்லில் இல்லை. இங்கே ஒரு அழகான குறுக்குவழி கண்டுபிடித்தார்கள்.

90 நாள் எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனை பில் உள்ள நாட்களுக்குச் சிவப்பு. மறுவாழ்வு மையத்துக்கும், பராமரிப்பு இல்லத்துக்கும் சிவப்பு. இறந்த பிறகான நாட்களுக்கும் சிவப்பு. மிச்சமிருக்கும் வெள்ளைக் கட்டங்கள்தான் அவர் உயிரோடு வீட்டில் இருந்த நாட்கள். பில் இல்லாத நாட்களை எண்ணியே ஒரு அளவு! நோயாளி எவ்வளவு தேறினார் என்று மருத்துவர்கள் போடும் மதிப்பெண்ணோடு இது நன்றாகவே ஒத்துப்போகிறது.

[திரை: வெள்ளைக் கட்டம் ஒன்று மெதுவாகப் பெரிதாகிறது. உள்ளே ஒரு படுக்கை, பக்கத்தில் நாற்காலியில் ஒரு பெண்.]

இந்த வெள்ளைக் கட்டத்தையும் பாருங்கள். அப்பா வீட்டில்தான் இருக்கிறார். எழுந்திருக்க முடியாது. வேலையை விட்டுவிட்டு மகள் பார்த்துக்கொள்கிறாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கிறாள், கரண்டியால் ஊட்டுகிறாள். அவள் யாருக்கும் பில் அனுப்புவதில்லை. தரவில் இது, அப்பா நலமாக வீட்டில் இருந்த இன்னொரு நாள்.