படகில் இடம் உண்டு, பதக்கம் கிடையாது: ஷாக்கிள்டனும் ஒரு தச்சரும்

ஒரு பூனைக்காக ஒருவர் சாகும்வரை கோபத்தைச் சுமப்பாரா? சுமந்திருக்கிறார். பூனையின் பெயர் மிஸஸ் சிப்பி. ஆண் பூனை! விஷயம் தெரிவதற்குள் பெயர் ஒட்டிக்கொண்டது.

முன்கதையைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். 1914 டிசம்பரில், பயணத் தலைவர் எர்னஸ்ட் ஷாக்கிள்டனையும் சேர்த்து 28 பேர் அண்டார்டிகாவுக்குக் கிளம்பினார்கள். 'எண்டூரன்ஸ்' கப்பல் கடல்பனியில் சிக்கி, 1915 அக்டோபரில் நொறுங்கியது. கப்பல் கதை அவ்வளவுதான்.

எனக்கு வியப்பு வேறு இடத்தில். மாதக்கணக்கில் பனிமேல், நனைந்த கூடாரத்தில், அதே முகங்கள். எப்படி ஒருவரையொருவர் குதறாமல் இருந்தார்கள்?

(திரையில்: ஒரே மாதிரியான கிண்ணங்கள், வரிசையாக)

அவர்கள் சாப்பாட்டைப் பங்கிட்டதைக் கேளுங்கள். பங்குகளைப் பரப்பி வைப்பார்கள். ஒருவர் அவற்றைப் பார்க்காதபடி திரும்பிக்கொள்வார். இன்னொருவர் ஒரு பங்கைத் தொட்டு, "யாருக்கு?" என்பார். திரும்பியிருப்பவர் வாயில் வந்த பெயரைச் சொல்வார். முடிந்தது. பெரிய துண்டு யாருக்குப் போனாலும் கோபிக்க ஆள் இல்லை! எங்கள் வீட்டில் மாம்பழக் கொட்டை யாருக்கு என்ற வழக்கு பதினைந்து வருடம் நடந்தது. எங்கள் அம்மாவுக்கு இந்த வித்தை தெரிந்திருந்தால் தினமும் நீதிபதியாக உட்கார்ந்திருக்க வேண்டாம். வீட்டில் செய்து பார்த்துவிட்டுக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள்.

கூடாரம் பிரித்ததிலும் சூட்சுமம் உண்டு. தன்னைக் கலந்து பேசாவிட்டால் முகம் சுளிக்கும் புகைப்படக்காரர் ஹர்லி, மற்றவர்கள் எளிதில் கேலி செய்யக்கூடிய இயற்பியலாளர் ஜேம்ஸ், இருவருக்கும் ஷாக்கிள்டன் தன் கூடாரத்திலேயே இடம் போட்டார். ஆளுக்கு இரண்டு பவுண்டு, அதாவது ஒரு கிலோவுக்கும் குறைவான சொந்தப் பொருள்தான் என்று கட்டளையிட்டவர், வானிலையாளர் ஹஸ்ஸியின் பாஞ்சோ என்ற தந்தி வாத்தியத்தை மட்டும் எடுத்துவரச் சொன்னார். அதன் எடை 12 பவுண்டு!

இனி பூனை. சுமை குறைக்க அதைச் சுட உத்தரவிட்டார் ஷாக்கிள்டன். அது தச்சர் ஹாரி மெக்நீஷின் செல்லம். டிசம்பரில், படகுகளைப் பனியில் இழுத்துக்கொண்டிருந்தபோது, மெக்நீஷ் நின்றுவிட்டார். கப்பலே போய்விட்டது, ஒப்பந்தமும் போய்விட்டது, இனி உங்கள் கட்டளை செல்லாது என்பது அவர் வாதம். ஷாக்கிள்டன் எல்லோரையும் கூட்டி ஒப்பந்தத்தை வாசித்துக் காட்டினார். மெக்நீஷ் அடங்கினார்.

1916 ஏப்ரலில், படகுகளில் எலிஃபண்ட் தீவில் கரையேறினார்கள். அங்கிருந்து உதவி தேடி சுமார் 1,500 கிலோமீட்டர் போகத் திறந்த படகு ஒன்றைத் தயார் செய்தார்கள். அதன் பக்கங்களை உயர்த்தி, மேலே கித்தான் போர்த்தியவர் மெக்நீஷ். போன ஆறு பேரில் அவரும் ஒருவர். ஷாக்கிள்டன் மன்னித்து அழைத்துப்போனார் என்று நினைக்கிறீர்களா? தீவில் விட்டால் மற்றவர்களையும் கலைப்பார் என்ற கணக்கும் அதில் இருந்தது. கெட்டிக்காரத்தனம்தான், மறுக்கவில்லை. 28 பேரும் உயிரோடு திரும்பினார்கள்.

ஆனால் துருவப் பயணிகளுக்கு பிரிட்டன் தரும் துருவப் பதக்கத்துக்குப் பரிந்துரைத்தபோது ஷாக்கிள்டன் நான்கு பேரை விட்டுவிட்டார். மெக்நீஷ் அதில் ஒருவர். அவர் செதுக்கிய பலகைகளுக்குள் உட்கார்ந்து உயிர் தப்பியவர் செய்த காரியம் இது! இதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

மெக்நீஷ் 1930இல் நியூசிலாந்தின் வெலிங்டனில் வறுமையில் இறந்தார். பூனையைக் கொன்றதை அவர் மன்னிக்கவே இல்லை என்கிறார்கள். 2004இல் அவர் கல்லறைமீது ஒன்றை வைத்தார்கள். பதக்கம் இல்லை.

(திரையில்: கல்லறைமேல் சொகுசாகப் படுத்திருக்கும் வெண்கலப் பூனை)