எவ்வளவு அழுத்தினோம், எப்படி அழுத்தினோம்

நேயர்களுக்கு வணக்கம்.

கும்பகோணம் பக்கம் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு அம்மி கிடக்கும். ஊறவைத்த மிளகாய்மேல் குழவியைச் சும்மா கிடத்தினால் மிளகாய் நசுங்கும், அவ்வளவுதான். பாட்டி குழவியை இழுத்துத் தள்ளும்போதுதான் அது விழுதாகும். அழுத்தத்தோடு இழுவையும் சேர வேண்டும். உலோகங்களை அழுத்திப் பார்ப்பதையே வேலையாகக் கொண்ட எனக்கு இது வெகு தாமதமாகத்தான் உறைத்தது.

இரும்பின் அணுக்கள் பெட்டி பெட்டியாக அடுக்கப்பட்டவை. எட்டு மூலையிலும் ஒவ்வொன்று, நடுவில் ஒன்று. காற்றழுத்தத்தைப் போல சுமார் 1,30,000 மடங்கு அழுத்தினால் அந்த அடுக்கு மாறி, இன்னும் நெருக்கமான அறுகோண அடுக்காகிறது. இப்படி ஒரு மாற்றம் இருப்பது 1956-இல் வெடி அதிர்ச்சிச் சோதனைகளில் தெரிய வந்தது.

சரி, எல்லா ஆய்வகத்திலும் இதே எண்தான் கிடைக்கிறதா? இல்லை. கொள்ளிடத்தில் முங்கினால் தண்ணீர் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அழுத்தும். அப்படிச் சீராக அழுத்தினால் இரும்பின் மாற்றம் சற்றுத் தள்ளித் தொடங்கி, சட்டென்று முடிகிறது. ஒரு பக்கம் கூடுதலாகவும் இன்னொரு பக்கம் குறைவாகவும் அழுத்தினால் முன்னதாகவே தொடங்கி, நெடுக இழுத்துக்கொண்டு போகிறது.

நாங்கள் இரண்டு வைரங்களின் முனைகளுக்கு நடுவே உலோகத்தை வைத்து அழுத்துவோம். நடுவில் துளையிட்ட சிறு தகடு. துளைக்குள் தூசி அளவு மாதிரி, அதைச் சூழ ஒரு சொட்டு மெத்தனால், எத்தனால் கலவை. சுமார் ஒரு லட்சம் காற்றழுத்தம் வரை அந்தக் கலவை திரவமாகவே இருந்து எல்லாப் பக்கமும் சமமாகத் தள்ளும். மாணவனாக இருந்தபோது ஒருமுறை நான் மூடுவதற்குள் அந்தச் சொட்டு ஆவியாகிவிட்டது. கவனிக்கவில்லை. உள்ளே இருந்தது சிர்கோனியம் என்கிற உலோகம். வைரங்கள் அதை நேரடியாக நசுக்கின; ஒமேகா என்கிற புது அமைப்பு நான் எதிர்பார்த்ததற்கு வெகு முன்னாலேயே தலைகாட்டியது. கருவிதான் பழுது என்று இரண்டு வாரம் அதைக் குடைந்துகொண்டிருந்தேன்.

பழுது எதுவும் இல்லை. சீரான அழுத்தத்தில் சிர்கோனியம் மாற 50,000 காற்றழுத்தத்துக்கும் மேல் தேவைப்படலாம். அழுத்திக்கொண்டே முறுக்கினால் அதில் கால் பங்குக்கும் குறைவாகவே போதும் என்று சோதனைகள் காட்டியிருக்கின்றன.

காரணத்தை நம் வாய்க்காலிலேயே பார்க்கலாம். மதகில் வெங்காயத்தாமரை வந்து அடைந்தால், பின்னால் வருவதெல்லாம் முட்டி, முன்வரிசைமேல் பாரம் ஏறும். உலோகத்தின் அணு அடுக்கிலும் சின்னச் சின்னப் பிசகுகள் உண்டு. முறுக்கும்போது அவை நகர்ந்து ஓரிடத்தில் குவிகின்றன. வெளியே நாம் கொடுப்பது குறைந்த அழுத்தமானாலும் அந்தக் குவியலின் நுனியில் விசை பல மடங்கு. புது அமைப்பு அங்கேதான் முளைவிடுகிறது. அமெரிக்க இயற்பியலாளர் பிரிட்ஜ்மன் 1930-களிலேயே உலோகங்களை அழுத்தியபடி முறுக்கிப் பார்த்தார். உயர் அழுத்த ஆய்வுகளுக்காக 1946-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இது ஆய்வகத்தோடு நின்றுவிடும் சங்கதி அல்ல. அணு உலைகளில் எரிபொருளை மூடும் குழாய்கள் சிர்கோனியக் கலவையில் செய்யப்படுபவை. ஒமேகா அமைப்போ எளிதில் நொறுங்கக்கூடியது. அழுத்தத்தை எடுத்துவிட்டாலும் அது பெரும்பாலும் பழைய அமைப்புக்குத் திரும்பாமல் அப்படியே தங்கிவிடும். அன்று வைரங்களைப் பிரித்து எடுத்த என் மாதிரியிலும் ஒமேகா அப்படியேதான் இருந்தது. இப்போது என் மாணவர்களின் நோட்டில் அழுத்தம் எழுதும் கட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போடச் சொல்லியிருக்கிறேன்: மாதிரியைச் சுற்றி என்ன இருந்தது, கடைசிவரை இருந்ததா?