முன்னணை 24-ஆம் தேதி மாலை வரை காலியாக இருக்கட்டும்: டர்பன் வீடுகளுக்கான கிறிஸ்துமஸ் குடில்

[காட்சி: வைக்கோல் பரப்பிய குடில். முன்னணையில், அதாவது தீவனத் தொட்டியில், பாலகன் இயேசு இல்லை.]

குரல்: பல வீடுகளில் டிசம்பர் முதல் வாரமே குடில் பெட்டியைத் திறந்து, மரியாள், யோசேப்பு, மேய்ப்பர்கள், ஞானிகள், பாலகன் எல்லோரையும் ஒரே மணி நேரத்தில் நிறுத்திவிடுகிறோம். மறுநாளே அது மேசைமேல் இருக்கும் இன்னொரு அலங்காரம் ஆகிவிடுகிறது. பிள்ளைகளுக்குக் காத்திருக்க எதுவும் மிச்சமில்லை. எனவே குடிலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுங்கள்.

டிசம்பர் 16, தென்னாப்பிரிக்காவின் ஒப்புரவு நாள். எல்லோருக்கும் விடுமுறை. அன்று தொடங்குங்கள்.

[காட்சி: அட்டை, அளவுகோல், பசை.]

குரல்: அடித்தளம் 60-க்கு 40 சென்டிமீட்டர். நிற்கும் உருவங்கள் 12 சென்டிமீட்டர் என்றால் கூரை 25 சென்டிமீட்டர் உயரம் இருக்கட்டும். தாழ்ந்தால் உள்ளே இருட்டு. பாலகன் 4 சென்டிமீட்டர் போதும். மாவுப் பசை வேண்டாம், டர்பனின் டிசம்பர் ஈரக்காற்றில் பூஞ்சை பிடிக்கும், எறும்பும் வரும். தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசையே நல்லது. புல்லைப் பச்சையாகப் போடாதீர்கள். மூன்று நாள் வெயிலில் காயட்டும்.

சிலை வேண்டாம் என்று நினைக்கும் பெந்தெகொஸ்தே குடும்பங்களுக்கு முன்னணையும் வைக்கோலும் மட்டும் போதும். 1223-இல் கிரெச்சோ என்ற இத்தாலிய ஊரில் அசிசியின் பிரான்சிஸ் ஏற்பாடு செய்ததும் முன்னணை, வைக்கோல், மாடு, கழுதை, அவ்வளவுதான். மாடும் கழுதையும் இயேசுவின் பிறப்பைச் சொல்லும் லூக்கா சுவிசேஷத்தில் இல்லை. ஏசாயா 1:3-ஐ வாசித்துக் காட்டுங்கள், பிள்ளைகளுக்கே காரணம் புரியும்.

[காட்சி: தட்டில் முளைவிட்ட கடுகு.]

குரல்: 18-ஆம் தேதி, ஈரப் பஞ்சு விரித்த தட்டில் ஒரு மேசைக்கரண்டி கடுகு தூவுங்கள். காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தால் போதும், தேங்கினால் அழுகும். 24-க்குள் பச்சைப் புல்வெளி தயார். 10-ஆம் தேதியே விதைத்தால் கிறிஸ்துமஸுக்குள் சாய்ந்துவிடும்.

பிறருக்கு ஒரு உதவி செய்தால் முன்னணையில் ஒரு வைக்கோல் துரும்பு வைக்கும் வழக்கம் அருமையானது. ஆனால் பெற்றோர் எண்ணத் தொடங்கினால் அண்ணனுக்கும் தங்கைக்கும் போட்டியாகிவிடும். யார் வைத்தார் என்று கேட்கவே கேட்காதீர்கள்.

வைக்கோலுக்குள் மெழுகுவர்த்தி கூடாது, பேட்டரி விளக்கு வையுங்கள். கரண்ட் போனாலும் எரியும்.

[காட்சி: 24-ஆம் தேதி மாலை. திறந்த தமிழ் வேதாகமம்.]

குரல்: இதுதான் முக்கியமான மணி நேரம், இதுதான் கைநழுவிப் போகிறது. 25-ஆம் தேதி காலை ஆராதனை, பிறகு பிரியாணி அண்டா, விருந்தாளிகள். உட்கார நேரம் கிடைக்காது. ஆகவே வாசிப்பை 24-ஆம் தேதி மாலையே, கறிக்கு மசாலா தடவி வைத்துவிட்டு, பரிசுகளைப் பிரிக்கும் முன் நடத்துங்கள். லூக்கா 2-ஆம் அதிகாரத்தின் முதல் 20 வசனங்கள். 1 முதல் 7 வரை ஆயாவோ தாத்தாவோ தமிழில் வாசிக்கட்டும். தமிழ் எழுத்து தெரியாத பேரப்பிள்ளைகள் 8 முதல் 14 வரை ஆங்கிலத்தில் வாசிக்கட்டும். மிச்சத்தை அப்பாவோ அம்மாவோ. எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடத்துக்குள் முடியும். நீண்ட பிரசங்கம் வேண்டாம், சிறுவர்கள் நெளிவார்கள். 7-ஆம் வசனம் முடிந்ததும் வீட்டின் கடைசிப் பிள்ளை பாலகனை முன்னணையில் கிடத்தட்டும்.

ஞானிகள் இன்னும் வரவில்லை. அவர்களை வீட்டின் கிழக்கு ஜன்னலில் வைத்து, 25 முதல் தினமும் சற்று நகர்த்தி, ஜனவரி 6-இல் குடிலுக்குக் கொண்டுவாருங்கள். அன்று மத்தேயு 2:1-12. எத்தனை ஞானிகள் என்று மத்தேயு சொல்லவில்லை, காணிக்கைகள்தாம் மூன்று. பிள்ளைகளையே தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.

26-ஆம் தேதி இங்கே நல்லெண்ண நாள், அதுவும் விடுமுறை. பரிசுகளில் ஒன்றையும் ஒரு பாத்திரம் பிரியாணியையும் தனியாக இருக்கும் ஒருவர் வீட்டுக்குப் பிள்ளைகளோடு எடுத்துச் செல்லுங்கள்; ஆள் அனுப்பவேண்டாம்.

[காட்சி: உருவங்களைத் தாளில் சுற்றும் கைகள்.]

குரல்: கலைக்கும்போது வைக்கோலை எறிந்துவிடுங்கள், பூச்சி வரும். உருவங்களைக் காய்ந்த தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்குங்கள். பாலகனை மட்டும் அம்மாவின் அலமாரியில் தனியே வையுங்கள். பெட்டியிலேயே இருந்தால் அடுத்த ஆண்டு 16-ஆம் தேதியே யாராவது எடுத்து முன்னணையில் வைத்துவிடுவார்கள்.