வெட்டு நடந்ததை நேரில் பார்த்த நாலு வயதுப் பேரன்: ஒரு பாட்டியின் கேள்வி

அடுத்த கேள்வி ஒரு பாட்டி அனுப்பியது. பேரனுக்கு 4 வயது. டீக்கடை வாசலில் ஒருவரை அரிவாளால் வெட்டியதைப் பார்த்துவிட்டான். மூன்று வாரம் ஆகிறது. நின்றுபோயிருந்த பழக்கம், இரவில் படுக்கையை நனைப்பது, திரும்ப வந்திருக்கிறது. பாட்டி குளிக்கப் போனால்கூடக் கதவைத் தட்டி அழுகிறான். ஸ்கேலை எடுத்துத் தலையணையை வெட்டி வெட்டி விளையாடுகிறான். சாட்சி என்று இழுத்துவிடுவார்களோ என்ற பயத்தில், "இதைப் பற்றிப் பேசவே கூடாது" என்று அவன் அப்பா அதட்டி வைத்திருக்கிறார். "சின்னப் பிள்ளைதானே, மறந்துவிடமாட்டானா?" என்று பாட்டி கேட்கிறார்.

அம்மா, மறந்துவிடுவான் என்று சும்மா இருந்துவிடாதீர்கள். மருத்துவர்களே ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தார்கள். அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கத்தின் மனநோய்க் கையேட்டில், பயங்கரமான ஒன்றைப் பார்த்தபின் வரும் இந்த மனப் பாதிப்பைக் கண்டறிய, 6 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகளுக்கென்று தனி அளவுகோல் வந்ததே 2013இல்தான்.

முதலில் அப்பா போட்ட அந்தத் தடையை எடுங்கள். பேசக் கூடாது என்றால் பிள்ளை நினைப்பதை நிறுத்திவிடாது, தானாக ஒரு கதை கட்டிக்கொள்ளும். பிஸ்கட் கேட்டு அடம்பிடித்ததால்தான் அப்படி நடந்தது என்றுகூட இந்த வயதில் தோன்றும். அப்பாவே மடியில் வைத்துச் சொல்லட்டும்: "அன்றைக்கு நீ பார்த்தது பயமான விஷயம்தான். அது உன்னால் நடக்கவில்லை. எங்களிடம் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம்." அவ்வளவு போதும். என்ன பார்த்தாய் என்று துருவித் துருவிக் கேட்க வேண்டாம்.

போலீஸ் பயத்துக்கும் ஒரு வார்த்தை. 15 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையைச் சாட்சியாக விசாரிக்க ஸ்டேஷனுக்கு வரச் சொல்லக் கூடாது, இருக்கும் இடத்துக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. "சாப்பிடாவிட்டால் போலீஸிடம் பிடித்துக்கொடுப்பேன்" என்ற மிரட்டலையும் கொஞ்ச காலம் மூட்டை கட்டி வையுங்கள்.

"அந்த மாமா செத்துட்டாரா?" என்று கேட்டால், "தூங்குகிறார்" என்று சொல்லாதீர்கள். அப்புறம் தூங்கவே பயப்படுவான். அவர் இறந்திருந்தால், "ஆமாம், இறந்துவிட்டார். இனி அவருக்கு வலிக்காது" என்று நேராகச் சொல்லலாம். "இனிமேல் எங்கேயும் இப்படி நடக்காது" என்ற வாக்குறுதி மட்டும் வேண்டாம். நாளைக்கே டிவியில் ஒன்று வரும்.

டிவி என்றதும் நினைவு வருகிறது. அந்த சிசிடிவி காட்சி உங்கள் வாட்ஸ்அப்பிலும் சுற்றிக்கொண்டிருக்கும். அழித்துவிடுங்கள். மறுபடி ஓடுவது பழைய காட்சிதான் என்று நமக்குத் தெரியும். நாலு வயதுக்கு அது இன்னொரு வெட்டு. நீங்கள் பக்கத்து வீட்டுக்காரரிடம் விவரமாகச் சொல்வதும் அவன் காதில் விழுந்துகொண்டுதான் இருக்கும்.

அந்த ஸ்கேல் விளையாட்டைப் பார்த்து, ரவுடியாகிவிடுவானோ என்று பயப்பட வேண்டாம். வாயால் சொல்லத் தெரியாததைக் கையால் சொல்கிறான். பிடுங்காமல், அடிக்காமல், பக்கத்தில் உட்காருங்கள். "இப்போது உதவிக்கு யார் வருவார்கள்?" என்று கேளுங்கள். 108 வண்டி ஒன்றை ஓட்டிக்கொண்டு வாருங்கள். விளையாட்டு மெல்ல மாறினால் நல்ல அறிகுறி. நாள்தோறும் அதே வெட்டு, அதே இறுக்கம் என்றால் கவனிக்க வேண்டும்.

படுக்கை நனைவதற்குத் திட்டாதீர்கள், துணியை மாற்றிவிட்டுப் போங்கள். சாப்பாடு, குளியல், தூக்கம் எல்லாம் பழைய நேரத்திலேயே நடக்கட்டும். குளிக்கப் போகும்போது சொல்லிவிட்டுப் போங்கள், சொன்னபடி திரும்பி வாருங்கள். பயந்த பிள்ளைக்கு மந்திரிப்பது நம் ஊர் வழக்கம். திருநீறு போடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, அதட்டி உருட்டும் இடத்துக்கு மட்டும் கூட்டிப்போகாதீர்கள்.

நீங்களும் அன்று அங்கே இருந்தீர்களா என்று எழுதவில்லை. இருந்திருந்தால் உங்கள் தூக்கமும் கெட்டிருக்கும். நீங்கள் வாசல் சத்தத்துக்குத் திடுக்கிட்டால் அவனும் திடுக்கிடுவான். அதனால் உங்களுக்காகவும் சேர்த்து 14416க்குக் கூப்பிடுங்கள். அது அரசின் டெலி மானஸ் எண். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். ஒரு மாதம் தாண்டியும் இதெல்லாம் குறையவில்லை என்றால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். பேச்சு நின்றுவிட்டாலோ சாப்பாடே இறங்கவில்லை என்றாலோ, மாதம் முடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே போய்விடுங்கள்.