உலராத எண்ணெய்

வணக்கம் நேயர்களே. மரவேலை செய்பவன் வானொலியில் மரத்தைப் பற்றித்தானே பேசுவான் என்று நினைத்திருப்பீர்கள். நான் பேச வந்தது ஆளி விதை எண்ணெய் பற்றி. பட்டறையில் லின்சீட் ஆயில் என்போம். முப்பது வருஷமாக என் கையில் ஒட்டிக்கொண்டிருக்கும் வாசனை அது.

ஆளிச் செடி நீலப் பூ பூக்கும். அதன் தண்டிலிருந்து எடுக்கும் நாரில்தான் லினன் துணி நெய்கிறார்கள். விதை எள்ளைவிடக் கொஞ்சம் பெரிது, தவிட்டு நிறம், உள்ளங்கையில் கொட்டினால் வழுக்கி ஓடும், அவ்வளவு பளபளப்பு. அந்தச் சின்ன விதையின் எடையில் ஏறக்குறைய 40 சதவீதம் எண்ணெய். விதையைச் சுத்தம் செய்து, உருளைகளுக்கு நடுவே விட்டு நசுக்கி, லேசாகச் சூடாக்கி, திருகு செக்கில் பிழிகிறார்கள். பெரிய ஆலைகளில் பிண்ணாக்கில் மிச்சமிருப்பதையும் கரைப்பான் ஊற்றிக் கரைத்து எடுத்துவிடுவார்கள். பிண்ணாக்கு மாட்டுக்குப் போகும். சரி, இதெல்லாம் எந்த எண்ணெய்க்கும் பொதுவான கதைதான்.

இந்த எண்ணெய் வேறுபடுவது அதற்கப்புறம். தேங்காய் எண்ணெயை ஒரு கண்ணாடியில் தடவி வையுங்கள், ஒரு மாதம் கழித்துத் தொட்டாலும் விரலில் எண்ணெய் ஒட்டும். ஆளி எண்ணெயைத் தடவி வையுங்கள், சில நாளில் பிசுபிசுக்கும், இன்னும் சில நாளில் கெட்டியான மெல்லிய தோலாகிவிடும். பார்ப்பவர்கள் காய்ந்துவிட்டது என்கிறார்கள். காயவில்லை. துணி காய்வது என்றால் ஈரம் வெளியே போவது, எடை குறைவது. நான் ஒருமுறை நகைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். கண்ணாடித் துண்டில் 2 கிராம் எண்ணெயைத் தடவி வைத்தேன். அது கெட்டியான பிறகு எடை குறையவில்லை, கூடியிருந்தது. இந்த எண்ணெய் ஈரத்தை வெளியே விட்டுக் காய்வதில்லை, காற்றிலிருக்கும் ஆக்சிஜனை உள்ளே இழுத்துக்கொள்கிறது. இதன் கொழுப்பில் பாதிக்கு மேல் லினோலெனிக் அமிலம். அணுக்கள் கோத்த அதன் சங்கிலியில் மூன்று இடங்களில் பிடிப்பு இளகி இருக்கும், ஆக்சிஜன் அங்கே வந்து சேர்ந்ததும் ஒரு சங்கிலி பக்கத்துச் சங்கிலியோடு கைகோத்துக்கொள்ளும். கைகோத்துக் கைகோத்துக் கடைசியில் எல்லாம் ஒரே வலையாகிவிடும். தேங்காய் எண்ணெயில் அப்படி இளகிய இடம் அநேகமாகக் கிடையாது.

காற்றோடு சேரும்போது சூடு பிறக்கும். இதை நான் தெரிந்துகொண்ட ராத்திரியைச் சொல்லியாக வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு பெரிய மேசைக்கு நாள் முழுக்க எண்ணெய் ஏற்றினோம், தடவுவது, ஊறவிடுவது, மிச்சத்தைத் துடைப்பது, மறுபடி தடவுவது. துடைத்த பனியன் துணி ஐந்தாறு இருக்கும். சாயங்காலம் அதை உருட்டி மரத்தூள் கிடந்த தகர டின்னில் போட்டு மூடிவிட்டுப் போனேன். சாப்பாட்டுப் பாத்திரத்தை மறந்துவிட்டதால் ராத்திரி திரும்பி வந்தேன். கதவைத் திறந்ததும் அடுப்பில் எண்ணெய் தீய்ந்த மாதிரி வாடை. விளக்கைப் போட்டால் எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்கிறது. வாடை மட்டும் மூலையிலிருந்து வருகிறது. டின் மூடியைத் தொட்டேன், கை சுட்டது. யோசிக்காமல் திறந்தேன். குபீரென்று புகை, உள்ளே துணி உருண்டையின் நடுவில் சிவப்பாக ஒரு கனல், காற்றுப் பட்டதும் அது தீயாக எழுந்தது. பக்கத்தில் வாளியில் தண்ணீர் இருந்தது, அதனால் பட்டறை தப்பியது. ஒரு தீக்குச்சி இல்லை, ஒரு மின்கம்பி இல்லை.

விரித்த துணியில் பிறக்கும் சூடு காற்றோடு போய்விடும். உருட்டிய துணிக்கு நடுவில் பிறக்கும் சூட்டுக்குப் போக்கிடம் இல்லை, சூடு ஏற ஏற எண்ணெய் இன்னும் வேகமாகக் காற்றைப் பிடிக்கும், அதில் இன்னும் சூடு. 1991 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடம் எரிந்தது. 22ஆம் மாடியில் மரப் பலகைகளுக்கு எண்ணெய் ஏற்றித் துடைத்த துணிகளில் ஆரம்பித்த தீ. தீயணைப்பு வீரர்கள் 3 பேர் இறந்தார்கள்.

அதனால் சொல்கிறேன், வண்டி ஓட்டிக்கொண்டே கேட்பவர்கள் இதை மட்டுமாவது மனதில் வையுங்கள். ஆளி எண்ணெய் துடைத்த துணியை உருட்டாதீர்கள், குப்பைக் கூடையில் போடாதீர்கள். வெட்டவெளியில் ஒற்றையாக விரித்துப் போடுங்கள், விறைத்த பிறகு எறியலாம். இல்லையென்றால் தண்ணீருக்குள் அமுக்கி வையுங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள், இரண்டு நிமிஷம்தான் இருக்கிறதாம். பயன்களைத்தான் விரிவாகச் சொல்ல வந்தேன், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பாயில்டு என்று டின்னில் போட்டிருப்பது இப்போதெல்லாம் பெரும்பாலும் கொதிக்க வைத்தது இல்லை, சீக்கிரம் இறுகுவதற்காகக் கோபால்ட், மாங்கனீசு மாதிரி உலோக உப்புகளைக் கலந்தது. கிரிக்கெட் மட்டைக்கு உப்பு எதுவும் கலக்காத பச்சை எண்ணெய்தான், அதுவும் மெல்லிசாக, கைப்பிடி செருகிய இடத்தில் படாமல். எண்ணெய்ச் சாய ஓவியங்கள் நூற்றாண்டுகளாக நிற்பது இந்தத் தோலின் பலத்தில்தான். சுண்ணாம்புக்கல் தூளோடு பிசைந்தால் ஜன்னல் கண்ணாடியைப் பிடிக்கும் பட்டி. அப்புறம் லினோலியம் தரைவிரிப்பு, 1860களில் ஃபிரெடெரிக் வால்டன் என்ற ஆங்கிலேயர் கண்டுபிடித்தது, இறுகிய ஆளி எண்ணெயோடு தக்கைத் தூளைக் கலந்து துணிமேல் அழுத்தியது, லத்தீனில் லினம் என்றால் ஆளி, ஓலியம் என்றால் எண்ணெய், பெயரிலேயே இருக்கிறது பாருங்கள். அச்சு மை பற்றிச் சொல்ல நேரமில்லை. வணக்கம்.