ரெண்டாவது தடவையும் பார்த்துட்டேன்: சந்திரமுகி 2

வணக்கம் மக்களே. லைட் கொஞ்சம் மங்கலா இருக்கு, இருக்கட்டும். இதை இன்னிக்கே பேசியாகணும். நேத்து ராத்திரி படுத்தும் தூக்கம் வரல, மனசு முழுக்க இதான் ஓடிக்கிட்டிருந்துச்சு.

வழக்கமா பார்க்கிறவங்களுக்கு என் கணக்கு தெரியும். ஒரு படத்தை ரெண்டு தடவை பார்க்காம இங்க வந்து வாயைத் திறக்க மாட்டேன். சந்திரமுகின்னா கேட்கவே வேணாம். வருஷா வருஷம் ஏப்ரல் 14, சித்திரை ஒண்ணாந்தேதி சாமி கும்பிட்ட கையோட எங்க வீட்டுல அந்தப் படம் ஓடும். 2005ல அது ரிலீசான தேதி அது. ரெண்டாம் பாகம் வந்தப்ப தியேட்டர்ல பார்த்துட்டு, "இன்னொரு தடவை பார்த்துட்டுச் சொல்றேன்"னு சொன்னேன், ஞாபகம் இருக்கா? அதோட அந்தப் பேச்சையே நான் எடுக்கல. பார்க்க மனசு வரல, அதான் நிஜம். இந்த ஞாயித்துக்கிழமை அக்கா பையன் வந்திருந்தான். ஆறாவது படிக்கிறான், ரெண்டையுமே பார்த்ததில்ல. "சித்தி, சந்திரமுகி போடுங்க"ன்னான். காலையில முதல் பாகம், மத்தியானம் சாப்பிட்டுட்டு ரெண்டாம் பாகம். இப்ப சொல்லலாம். எனக்குப் பிடிக்கல. ரெண்டாவது தடவை பார்த்தப்ப முன்னைவிட பிடிக்கல.

எவ்வளவு காத்திருந்தோம்! 2020 ஏப்ரல்ல ராகவா லாரன்ஸ் கொரோனா நிவாரணத்துக்கு 3 கோடி குடுக்கிறதா சொன்னாரே, அதே அறிவிப்புலதான் சந்திரமுகி 2ல நடிக்கிறதையும் சொன்னார். முதல் பாகத்தை எடுத்த பி. வாசு சார் டைரக்‌ஷன்னதும் நான் குதிச்சேன். படம் வர மூணு வருஷத்துக்கு மேல ஆச்சு. முதல் பாகத்துல இருந்து கணக்குப் போட்டா 18 வருஷம்.

அந்த ரிலீஸ் தேதி கதையைச் சொல்லியே ஆகணும். முதல்ல 2023 செப்டம்பர் 15ன்னு சொன்னாங்க, வெள்ளிக்கிழமை. நான் ஆபீஸ்ல லீவு கேட்டேன். மேலாளர் ரொம்ப யோசிச்சார், ரெண்டு நாள் அலைய விட்டார், கடைசியில சரின்னார். வாங்கி வெச்சதும் படத்தை 28க்குத் தள்ளிட்டாங்க! அந்த லீவைத் திருப்பிக் குடுக்கவும் முடியல, இன்னொரு லீவு கேட்கவும் முடியல. அப்புறம் காலண்டரைக் கிழிக்கும்போது பார்க்கிறேன், 28 வியாழக்கிழமை, மிலாடி நபி, அரசு விடுமுறை! அந்தச் சந்தோஷத்தை நான் எப்படிச் சொல்றது? அக்காவுக்குப் போன் போட்டுக் கத்தினேன். ரெண்டு டிக்கெட், ஒண்ணு 190 ரூபாய், ஆன்லைன்ல போட்டதுக்குத் தனியா கட்டணம், பார்க்கிங் தனி. மொத்தம் 500ஐத் தாண்டிடுச்சு. அன்னிக்கு அது எனக்குப் பெரிசாவே தெரியல. கதை நடக்கிற அந்த வேட்டையபுரம் அரண்மனைக்குத் திரும்பிப் போறோம்னு இருந்துச்சு.

சரி, விஷயத்துக்கு வர்றேன். முதல் சந்திரமுகியில பேய் கிடையாது. இதைத்தான் நான் ஒவ்வொரு வருஷமும் கத்திக்கிட்டிருக்கேன். கங்கான்னு ஒரு பொண்ணோட (ஜோதிகா) மனசு உடைஞ்சு, எப்பவோ செத்துப்போன நாட்டியக்காரி சந்திரமுகியா மாறுது, அதை சரவணன்னு ஒரு மனநல டாக்டர் (ரஜினி) கண்டுபிடிக்கிறார். அதான் கதை. 1993ல ஃபாசில் மலையாளத்துல எடுத்த மணிச்சித்ரத்தாழ் போட்ட அஸ்திவாரம். வாசு சார் அதை 2004ல கன்னடத்துல ஆப்தமித்ராவா எடுத்தார், அடுத்த வருஷம் தமிழ்ல. எத்தனை மொழிக்குப் போனாலும் அந்த முடிச்சுல யாரும் கை வைக்கல. பேய்ப் படம்னு உட்கார வெச்சு, கடைசியில "இது நோய்"னு சொல்ற தைரியம் அதுக்கு இருந்துச்சு.

அதனாலதான் ரெண்டாவது தடவை பார்க்கும்போது அந்தப் படம் பெரிசாகுது. முதல் தடவை நமக்கு நயன்தாரா நடிச்ச துர்கா மேல சந்தேகம் வரும். தெரிஞ்சுக்கிட்டுப் பார்த்தா கண்ணு முழுக்க கங்கா மேலயே இருக்கும். சந்திரமுகி கதையை ஆசை ஆசையா கேட்கிறது யாரு? பூட்டின அறையைத் திறக்கணும்னு துடிக்கிறது யாரு? எல்லாம் நம்ம முன்னாடியே நடந்திருக்கு, நாமதான் வடிவேலுவைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டு இருந்திருக்கோம். அந்தக் கட்டில் சீன் இருக்கே! அவ புருஷன் செந்தில் வேணும்னே "போக வேணாம்"னு சொல்ல, கங்கா குரல் கொஞ்சம் கொஞ்சமா ஏறி, ஒத்தைக் கையால கட்டிலைத் தூக்குறா. பையன் என் கையைப் பிடிச்சுக்கிட்டான். நானும் அவன் கையைப் பிடிச்சுக்கிட்டேன், எனக்கு அது எத்தனையாவது தடவைன்னே தெரியாது.

ரெண்டாம் பாகத்துல என்ன பண்ணாங்க? பேயை நிஜமாக்கிட்டாங்க. சந்திரமுகி ஆவியா வர்றா, சக்கர நாற்காலியில இருக்கிற திவ்யா உடம்புல ஏறுறா. அவளைக் கொன்ன ராஜா வேட்டையனும் ஆவி. அவன் ராஜாவே இல்லையாம், செங்கோட்டையன்னு ஒரு தளபதி, நிஜ ராஜாவைக் கொன்னுட்டு அந்தப் பேரை வெச்சுக்கிட்டவனாம். அவன் லாரன்ஸ் நடிக்கிற பாண்டியன் உடம்புல இறங்குறான். ரெண்டு ஆவியும் மோதிக்குது. கண்டுபிடிக்க என்ன இருக்கு? டாக்டருக்கு அங்க வேலையே இல்லையே!

முதல் படத்துல சரவணன் வேட்டையனா நின்னது வைத்தியம். "பழி தீர்த்துட்டேன்"னு கங்கா நம்பணும்கிறதுக்காகப் பலகையைத் திருப்பி பொம்மையை எரிக்க விடுறாங்க. அந்த லகலகவுக்குள்ள ஒரு டாக்டரோட திட்டம் இருக்கு. இங்க வேட்டையன்னா வேட்டையனேதான். சத்தம் இருக்கு, உள்ள ஒண்ணும் இல்ல.

ஆங், பாம்பு! அதை விட்டுட்டேன். "முதல் படத்துல மட்டும் அவ்வளவு பெரிய பாம்பு வருதே, அது அமானுஷ்யம் இல்லையா"ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. அந்தப் பாம்பு எனக்கும் உறுத்தல்தான், மணிச்சித்ரத்தாழ்ல அந்த மாதிரி எதுவும் கிடையாது. ஆனா அந்தப் பாம்பு கதையோட முடிச்சுல கை வைக்கல. அதை எடுத்துட்டாலும் கங்கா கங்காதான்.

லாரன்ஸ் மேல எனக்குக் கோபம் இல்ல. காஞ்சனா நான் ரசிச்சுப் பார்த்த படம், 2011ல. அங்க பேய் நிஜம், அதுக்கு ஒரு அநியாயம் நடந்திருக்கு, நாயகன் உடம்புல வந்து நியாயம் கேட்குது. சரத்குமார் வர்ற இடத்துல தியேட்டரே அழுதுச்சு. அது அந்தப் படத்தோட இலக்கணம். அதைத் தூக்கி வந்து வேட்டையபுரத்துல நட்டா வேர் பிடிக்காது. சந்திரமுகி 2 பார்க்கும்போது பாதி நேரம் நான் காஞ்சனா வரிசையில இன்னொண்ணு பார்க்கிற மாதிரிதான் இருந்துச்சு.

வடிவேலு விஷயம்தான் ரொம்ப வலிச்சது. அதே முருகேசன், அதே அரண்மனை. முதல் படத்துல முருகேசன் பயந்தா, அந்த வீட்டைப் பத்தி ஊரே நடுங்குதுங்கிறது நமக்குப் புரியும். ரஜினி கூட மாடிக்குப் போற சீன்ல சிரிப்பும் பயமும் ஒண்ணாவே வரும். இங்க அந்தப் பழைய சிரிப்பையே திரும்பச் செய்யச் சொல்லியிருக்காங்க, எதிர்ல நிக்கிற ஆள் மாறிடுச்சு. அதே 2023 ஜூன்ல மாமன்னன்ல நம்மளை உருக வெச்ச மனுஷன் அவர்! அவருக்கு சீன் எழுதறவங்களுக்கு எழுதத் தெரியணும். பையன் காலையில முருகேசன் வந்தாலே விழுந்து விழுந்து சிரிச்சவன், மத்தியானம் "இது காலையிலயே பார்த்தோமே சித்தி"ன்னான்.

பாட்டு. வித்யாசாகர் இல்ல, கீரவாணி. அவரை நான் குறைச்சுப் பேச மாட்டேன், அழகன் படத்துக்கு மரகதமணிங்கிற பேர்ல போட்ட பாட்டெல்லாம் இன்னும் என் போன்ல இருக்கு. இருந்தாலும் முதல் படத்துல "ரா ரா" பாட்டு தொடங்கும்போது முதுகுத்தண்டுல ஏறுமே ஒரு சில்லிப்பு, அது இங்க ஒரு இடத்துலயும் வரல. கங்கனா உழைச்சிருக்காங்க. ஜோதிகா நடிப்புக்கு ஈடு குடுக்கவே முடியாதுன்னு அவங்களே அப்ப மனசு விட்டுச் சொன்னாங்க, அது பெரிய குணம். எனக்கு வருத்தம் எங்கன்னா, ஜோதிகாவுக்குக் கிடைச்ச வேலை இவங்களுக்குக் கிடைக்கவே இல்ல. அங்க ஒரே முகத்துல கங்காவும் சந்திரமுகியும் மாறி மாறி வரணும். இங்க சந்திரமுகியா ஒருத்தர், அவ ஏறின உடம்பா இன்னொருத்தர். அந்த ஒரே முகம் மாறுறதுதானே நம்மளை உறைய வெச்சது!

நல்லது இல்லாம இல்ல. தோட்டா தரணி போட்ட அரண்மனை கண்ணுக்கு நிறைவா இருந்துச்சு. ராதிகா வர்ற இடமெல்லாம் ஒரு கனம் இருந்துச்சு. செங்கோட்டையனா லாரன்ஸ் நடக்கிற நடை எனக்குப் பிடிச்சது, அந்த ராஜா காலத்துக் கதையை மட்டும் தனிப் படமா எடுத்திருந்தா நான் முதல் ஆளா போயிருப்பேன்.

இன்னொண்ணு, இது முக்கியம், முன்னாடியே சொல்லியிருக்கணும். வாசு சார் இந்தக் கதைக்குக் கன்னடத்துல முன்னாடியே ஒரு தொடர்ச்சி எடுத்துட்டார். 2010ல ஆப்தரக்‌ஷகா. ஹீரோவா நடிச்ச விஷ்ணுவர்தன் சார் மறைஞ்சதுக்கப்புறம் வெளிவந்த படம். அதுல டாக்டர் இருக்கார்! அந்த ராஜா ஆவியா வரல, வயசாகி உயிரோடயே இருக்கிறதா வெச்சிருக்காங்க. கேட்க எப்படியோ இருக்கும், ஆனா எனக்கு அந்த யோசனை ரொம்பப் பிடிச்சது. அந்தப் பக்கம் போயிருக்கலாமே சார்னு எனக்குக் கத்தணும்போல இருக்கு. முழுசா அதைப் பத்திப் பேசணும், இப்ப முடியாது. நான் ஒரு தடவைதான் பார்த்திருக்கேன். இந்த வாரம் இன்னொரு தடவை பார்த்துட்டு வர்றேன்.