மூன்று பசுக்கள் வரைந்த எல்லை: பைரனீஸில் நான்கு நாள்

வணக்கம். காற்று பலமாக அடிக்கிறது, குரல் விட்டுவிட்டுக் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் நிற்பது பிரான்சின் தென்மேற்கு மூலையில், 'போ' என்ற ஊரில். எழுத்துக்கூட்டிப் படித்தால் வேறு மாதிரி வரும், ஆனால் உச்சரிப்பு 'போ' தான். ஊரே போ என்று சொல்லும்போது உட்கார்ந்திருக்க முடியுமா?

கேமராவைத் திருப்புகிறேன். தெற்கே பாருங்கள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மதில் எழுப்பியது போல நிற்கிறதே, அதுதான் பைரனீஸ். அட்லாண்டிக் கரையில் தொடங்கி மத்தியதரைக் கடல் வரை 400 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. மதிலுக்கு இந்தப் பக்கம் பிரான்ஸ், அந்தப் பக்கம் ஸ்பெயின். நடுவில் அந்தோரா என்றொரு குட்டி நாடு உண்டு. இந்த முறை அங்கே போகவில்லை.

நேற்று வாடகைக் கார் எடுக்கப் போன இடத்தில் ஒரு படிவம் நீட்டினார்கள். எல்லை தாண்டுவீர்களா? எத்தனை முறை? தாண்டினால் கூடுதல் கட்டணம். இரு நாடுகளுக்கும் நடுவே சுங்கச் சாவடியில் யாரும் கையைக் காட்டி நிறுத்தாத காலத்தில், வாடகைக் கார்க்காரர் மட்டும் எல்லையைக் காத்துக்கொண்டிருக்கிறார். இரண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். போக ஒன்று, வர ஒன்று. அந்த இரண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

*

இது ஓபிஸ்க் கணவாய், 1709 மீட்டர். லாரன்ஸ் என்ற சிற்றூரிலிருந்து பதினாறு, பதினேழு கிலோமீட்டர் ஏற்றம். இரண்டாம் கியருக்கு மேல் போட வாய்ப்பே கிடைக்கவில்லை. பின்னால் தெரிகிறதே, ஆளைவிடப் பல மடங்கு உயரமான மூன்று சைக்கிள்கள், அவை தூர் த பிரான்ஸ் பந்தயத்துக்காக வைத்தவை. பந்தயம் இந்த மலைகளுக்குள் முதன்முதலில் வந்தது 1910இல். அப்போது இங்கே இருந்தது கல்லும் சேறுமான வண்டித்தடம்தான். இன்றைக்கும் கார்களைவிட சைக்கிள்கள்தான் அதிகம். வெள்ளைத் தாடி வைத்த ஒரு பெரியவர் என் காரை ஒரு வளைவில் முந்திப் போனார். அவமானம்தான், ஆனால் அவருக்கு வழிவிட்டதில் எனக்கு ஒரு மகிழ்ச்சியும் இருந்தது.

உண்மையான வேலை இதற்குப் பிறகுதான் இருக்கிறது. அடுத்த கணவாய் சூலோர். அதுவரைக்கும் சாலையைச் செங்குத்துப் பாறையின் விலாவில் குடைந்து வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் திண்டு. சில இடங்களில் அதுவும் இல்லை. எதிரே கார் வந்தால் இருவரில் ஒருவர் பின்னால் போயாக வேண்டும். குட்டையான சுரங்கப்பாதை ஒன்று வருகிறது. விளக்கு இல்லை, கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. உள்ளே இரண்டு பசுக்கள் படுத்திருந்தன! கோதுமை நிறம், கழுத்தில் சொம்பு அளவுக்கு மணி. ஹாரன் அடித்தேன். ஒன்று தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு அசைபோடுவதைத் தொடர்ந்தது. பத்து நிமிடம் காத்திருந்தேன். அதுவாக எழுந்தது, அதுவாகப் போனது. இந்த மலையில் யாருக்கு முன்னுரிமை என்பது அந்தப் பத்து நிமிடத்தில் விளங்கிவிட்டது.

காரை ஓரம் கட்டிவிட்டு ஓர் இடத்தைக் காட்டுகிறேன். 1951இல் விம் வான் எஸ்த் என்ற நெதர்லாந்து வீரர் இந்தப் பக்கம்தான் சைக்கிளில் இறங்கி வந்தார். முந்தைய நாள்தான் முன்னணி வீரருக்கான மஞ்சள் சட்டை அவருக்குக் கிடைத்திருந்தது. அந்தச் சட்டையை அணிந்த முதல் நெதர்லாந்துக்காரர் அவர். ஈரத்தில் சக்கரம் வழுக்கி, சைக்கிளோடு பள்ளத்தில் விழுந்தார். ஏறக்குறைய 70 மீட்டர். மேலே நின்றவர்கள் ஆள் அவ்வளவுதான் என்று நினைத்தார்களாம். பார்த்தால் கீழே எழுந்து உட்கார்ந்திருக்கிறார். அவர்களிடம் இருந்த கயிறு எட்டவில்லை. அணி வண்டியில் இருந்த சைக்கிள் டயர்களை ஒன்றோடொன்று முடிந்து கயிறாக்கி, அதைப் பிடித்து மேலே இழுத்தார்கள். டயரெல்லாம் இழுபட்டுச் சக்கரத்தில் பொருந்தாமல் போய்விட்டது, அணியே பந்தயத்திலிருந்து விலக வேண்டியதாயிற்று. பிறகு ஒரு கைக்கடிகார நிறுவனம் அவரை விளம்பரத்துக்குப் பிடித்துக்கொண்டது, அத்தனை உயரத்திலிருந்து விழுந்தும் கடிகாரம் நிற்கவில்லை என்று. விளம்பரக்காரர்களுக்கு எந்தப் பள்ளத்திலும் காசு தெரியும்.

திண்டைப் பிடித்துக்கொண்டு கேமராவை மட்டும் கீழே நீட்டுகிறேன். நான் எட்டிப் பார்க்க மாட்டேன். நீங்கள் பாருங்கள்.

*

இரண்டாம் நாள். தூர்மலே கணவாய், 2115 மீட்டர். இந்தப் பயணத்தில் எல்லாரும் என்னை எதிர்பார்க்கச் சொன்ன இடம். மூடுபனியில் என் கையே எனக்குத் தெரியவில்லை. 'தூர மலை' என்று பெயர் வைத்ததற்கு ஏற்பத் தூரத்திலேயே இருந்துவிட்டது. மேலே அறிவிப்புப் பலகையைப் படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். காசும் நேரமும் குறைவாக இருக்கிறவர்களுக்கு என் யோசனை: இதை விட்டுவிடுங்கள், ஓபிஸ்க்–சூலோர் சாலையை இரண்டு முறை ஓட்டுங்கள்.

அதற்குப் பதிலாக ஒன்று சொல்கிறேன். சான்-லாரி என்ற ஊருக்கு இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு வந்து சேர்ந்தேன். உணவகத்தில் மேசை காலி, நாற்காலி காலி, ஆனால் சாப்பாடு இல்லை. சமையலறை இரண்டு மணிக்கு மூடியாயிற்று. கெஞ்சிப் பார்த்தேன். காபி வேண்டுமானால் தருவதாகச் சொன்னார்கள். வயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு காரை எடுத்தேன். மேலே ஏறினால் பியெல்சா சுரங்கப்பாதை. 1976இல் திறந்தது, மூன்று கிலோமீட்டர் நீளம். அதன் நடுவில் எங்கேயோ பிரான்ஸ் முடிந்து ஸ்பெயின் தொடங்குகிறது.

இப்போது உள்ளே போகிறேன். பாருங்கள், நுழையும் இடத்தில் தூறல், வைப்பர் ஓடுகிறது. விளக்குகள்... விளக்குகள்... அதோ வெளிச்சம். வெளியே வந்தாயிற்று. வெயில்! கண் கூசுகிறது. வைப்பரை நிறுத்துகிறேன், கண்ணாடியில் கறகறவென்று உரசுகிறது.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று வடக்குச் சரிவில் மோதி மேலே ஏறுகிறது, குளிர்கிறது, சுமந்து வந்ததையெல்லாம் பிரான்சு பக்கமே கொட்டிவிடுகிறது. ஸ்பெயின் பக்கம் இறங்கும் காற்றின் கையில் ஒன்றும் மிச்சமில்லை. அதனால்தான் அங்கே புல்லும் பெரணியுமாகப் பச்சை, இங்கே காவி நிறப் பாறை, முள்புதர், நீலவானம். மூன்று நிமிடத்தில் ஊரும் வானமும் மாறிவிட்டன.

மாறியது வானம் மட்டுமல்ல. பியெல்சாவில் மணி மூன்று. இரு நாட்டுக் கடிகாரத்திலும் ஒரே மணிதான். அங்கே மதிய உணவு முடிந்து ஒரு மணி நேரம் ஆகிவிட்டது, இங்கே கூட்டம் அப்போதுதான் உட்காருகிறது. 'மீகாஸ்' வாங்கினேன். தட்டைக் காட்டுகிறேன். பார்வைக்கு நன்றாக வறுபட்ட ரவா உப்புமா. பழைய ரொட்டியைச் சன்னமாகச் சீவி, தண்ணீர் தெளித்து வைத்து, பூண்டும் கொழுப்பும் போட்டுப் பொலபொலவென்று கிளறுகிறார்கள். மேலே தொத்திறைச்சித் துண்டுகள். கூடவே, சிரிக்காதீர்கள், பச்சைத் திராட்சை. உப்பும் காரமும் வாயில் இருக்கும்போது திராட்சை உடைவது தனிச் சுகம். ஆட்டு மந்தையோடு மாதக்கணக்கில் மலையில் கிடந்தவர்களின் சாப்பாடு இது. காய்ந்துபோன ரொட்டியை வீணாக்காத சாப்பாடு.

*

மூன்றாம் நாள். சாலையோரம் நிற்கிறேன், பக்கத்தில் ஓடுவது ஆரா ஆறு. பைரனீஸில் அணையே கட்டாமல் விட்ட பெரிய ஆறுகள் மிகச் சில, அவற்றில் இது ஒன்று. ஆனால் கட்ட நினைக்காமல் விட்டதல்ல. அக்கரையில் இடிந்த வீடுகள் தெரிகின்றன அல்லவா? அந்த ஊர் ஹானோவாஸ்.

இங்கே ஓர் அணை வருகிறது என்று சொல்லி 1960களில் ஊரைக் காலி செய்யத் தொடங்கினார்கள். ஆள் வெளியேறிய வீட்டை அப்படியே விடவில்லை, வெடிவைத்துத் தகர்த்தார்கள். பக்கத்து வீட்டில் ஆள் குடியிருக்கும்போதே. வாய்க்கால்களை உடைத்தார்கள். 1966இல் பள்ளிக்கூடத்தின் கதவை உதைத்துத் திறந்து, ஆசிரியையையும் பிள்ளைகளையும் வெளியே தள்ளினார்கள். அதற்குப் பிறகும் ஒரு குடும்பம் தாக்குப்பிடித்தது, 1984 வரை. அணை? வரவே இல்லை. 2001இல் சுற்றுச்சூழல் காரணம் காட்டித் திட்டத்தைத் தள்ளிவிட்டார்கள். மூழ்கப் போகிறது என்று விரட்டிய ஊரில் ஒரு குடம் தண்ணீர்கூட ஏறவில்லை. தேவாலயத்தின் பழைய கல் வாசலைப் பெயர்த்துக்கொண்டுபோய்ப் பக்கத்து ஊரான ஃபிஸ்காலில் பொருத்தியிருக்கிறார்கள். வரும் வழியில் அதைப் பார்த்துவிட்டு வாருங்கள், பிறகு இங்கே அது இல்லாத சுவரைப் பாருங்கள்.

பழைய குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் திரும்பி வந்து வீடு வீடாகக் கட்டுகிறார்கள். கொஞ்சம் கிட்டே காட்டுகிறேன். அந்தச் சுவரில் கீழ்ப்பாதி கறுத்த பழைய கல், மேலே புதுக் கல், புதுச் சுண்ணாம்பு. எது வரை தகர்த்தார்கள் என்பதை அந்தக் கோடே சொல்லிவிடும். ஒரு ஜன்னலில் துணி காய்கிறது. அதற்குமேல் படம் எடுக்கவில்லை, குடியிருக்கிற வீடு.

இதைப் பார்த்த பிறகு ஓர்தேசா பள்ளத்தாக்கைப் பற்றி என்னால் உற்சாகமாகப் பேச முடியவில்லை. அழகுதான், 1918இலிருந்தே தேசியப் பூங்கா, இணையத்தில் தேடினால் ஆயிரம் காணொளி கிடைக்கும். ஹாக்கா என்ற ஊரிலிருந்து வழியை விட்டு வடக்கே போய் கான்ஃபிராங்க் ரயில் நிலையத்தையும் எட்டிப் பார்த்தேன். 1928இல் திறந்த மாளிகை, 241 மீட்டர் நீளம். 1970இல் பிரான்சு பக்கம் ஒரு பாலம் இடிந்தது, அதோடு எல்லை தாண்டும் ரயில் நின்றுபோனது. கட்டடம் இப்போது சொகுசு ஹோட்டல். காபி விலையைப் பார்த்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

*

கடைசி நாள். ரோங்கால் பள்ளத்தாக்கு வழியாக, இசாபா என்ற ஊரைத் தாண்டி எல்லைக்கு ஏறி வந்திருக்கிறேன். மூச்சு வாங்குகிறது, ஒரு நிமிடம்.

இந்தத் தரையைப் பாருங்கள். சாம்பல் நிறச் சுண்ணாம்புப் பாறை, அரிவாளால் கொத்தி வைத்தது போல வெடிப்பு வெடிப்பாக. வெடிப்புக்குள் அங்கங்கே ஒரு குட்டை பைன் மரம். இங்கே மழைக்கும் பனிக்கும் பஞ்சமில்லை, ஆனால் விழுகிற தண்ணீர் அத்தனையும் வெடிப்பு வழியே உள்ளே இறங்கிவிடுகிறது. என் காலுக்குக் கீழே உலகத்தின் மிகப் பெரிய குகைக் கூடங்களில் ஒன்று இருக்கிறது, அதில் ஆறே ஓடுகிறது. மேலே மேய்கிற ஆட்டுக்கு ஒரு வாய் தண்ணீர் கிடையாது. அதனால் இங்கே ஊற்று என்பது சும்மா இல்லை, வெட்டுக்குத்து நடக்கிற சங்கதி. நடந்தது. வடக்கே பாரேதூஸ் பள்ளத்தாக்கு ஆட்களும் தெற்கே ரோங்கால் ஆட்களும் ஊற்றுக்கும் புல்லுக்கும் தலைமுறை தலைமுறையாக அடித்துக்கொண்டார்கள். நம் ஊர் வாய்க்கால் தகராறு மாதிரிதான்.

1375இல் பக்கத்துப் பள்ளத்தாக்கான அன்சோவிலிருந்து நடுவர்கள் வந்து தீர்ப்புச் சொன்னார்கள். வடக்குக்காரர்கள் ஆண்டுதோறும் மூன்று பசு கொடுக்க வேண்டும். இரண்டு வயதுப் பசுவாக, கொம்பும் நிறமும் ஒன்றுபோல இருக்க வேண்டும். பதிலுக்கு அவர்கள் மாடுகள் 28 நாள் தெற்குப் பக்கம் மேயலாம், தண்ணீர் குடிக்கலாம். அந்தத் தீர்ப்பு இன்றும் நடப்பில் இருக்கிறது. ஜூலை 13ஆம் தேதி இரு பக்கத்து ஊர்த்தலைவர்களும் இங்கே கூடுகிறார்கள். எல்லைக் கல்லின்மேல் கைக்கு மேல் கையாக வைத்து, இனியும் அமைதி என்று மூன்று முறை சொல்கிறார்கள். கால்நடை மருத்துவர் பசுக்களைச் சோதித்துப் பார்த்து ஏற்றுக்கொள்கிறார்.

அரசர்கள் இந்த மலையில் எல்லை பேசி முடித்தது 1659இல்தான். மேய்ப்பர்கள் அதற்கு 284 வருடம் முந்திவிட்டார்கள். கல் நடுகிற வேலை அதைவிடத் தாமதம், 1856க்குப் பிறகு. மேற்கிலிருந்து கிழக்காக எண் போட்டு 602 கல். இதோ, இதுதான் 262ஆம் கல். உயரம் என் இடுப்புக்கு வராது. நான் வந்திருப்பது செப்டம்பரில். விழாவும் இல்லை, தலைவர்களும் இல்லை, பசுவும் இல்லை.

ஆடு இருக்கிறது. மணிச் சத்தம் கேட்கிறதா? மந்தை இறங்குகிற மாதம். சுருட்டிய கொம்பு, முதுகில் நீலச் சாயம், இன்னொரு கூட்டத்துக்குச் சிவப்பு. எது யாருடையது என்பதற்கு அந்தச் சாயம்தான் அடையாள அட்டை. நாய் ஒன்று பிரான்சில் நின்று குரைக்கிறது, ஆடுகள் ஸ்பெயினிலிருந்து ஓடி வருகின்றன.

கேமராவைக் கல்லின் இந்தப் பக்கம் வைத்துப் பார்த்தேன், வெளிச்சம் சரியில்லை. அந்தப் பக்கம் வைத்தேன், காற்று தள்ளிவிட்டது. மறுபடி இந்தப் பக்கம். இப்படிச் சுற்றிச் சுற்றி வந்ததில் எத்தனை முறை எல்லை தாண்டினேன் என்று எண்ணவில்லை. படிவத்தில் இரண்டு என்றுதான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இந்தப் பகுதியை வாடகைக் கார்க்காரர் பார்க்காமல் இருக்க வேண்டும்.

பிரான்சு பக்கத்திலிருந்து மூடுபனி ஏறிக்கொண்டிருக்கிறது. விளக்கைப் போட்டுக்கொண்டு அதற்குள் இறங்க வேண்டும். கீழே அரெத் என்ற ஊர், அங்கிருந்து 'போ'. மணி ஒன்றரை. இரண்டுக்குள் சமையலறை மூடுவதற்கு முன் போய்ச் சேர முடியுமா என்று தெரியவில்லை, கிளம்புகிறேன்.